மலாக்காவில் முதல் நாள்

மலாக்கா என்னும் பெயர் முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்குப் புதிதன்று. புனித சவேரியாரின் சரித்திரத்தைப் பாட்டியின் மடியில் கிடந்து கேட்டவர்கள் நாம். மணப்பாட்டுக் குகையை அறிவோம். கோவாவில் உள்ள வெள்ளிப் பேழையை அறிவோம். சீன நாட்டின் வாயிலில், சான்சியான் தீவில், அவர் கண்மூடிய குடிசையையும் கேட்டு அறிவோம். இவற்றுக்கு நடுவே மலாக்கா என்றொரு ஊர், கப்பல் மாறும் துறைபோல அவ்வப்போது கதையில் வந்துபோகும். ஆனால் சவேரியாருடைய வாழ்க்கையில் அது வெறும் மாறுதுறையாக இருக்கவில்லை. 1542-ஆம் ஆண்டு அக்டோபரில் மணப்பாட்டில் வந்திறங்கி, நம் முன்னோருக்குத் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தவர், 1545-ல் மயிலாப்பூரில் அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறையருகே சில மாதங்கள் தங்கிச் செபித்து, அங்கிருந்து கப்பலேறினார். செப்டம்பர் மாத இறுதியில் அவர் கரையிறங்கிய இடம் மலாக்கா. 1549-ல் சப்பானுக்குப் புறப்பட்டதும் அங்கிருந்துதான். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் இறந்தபின், அவருடைய திருவுடல் முதன்முதல் ஒரு கோவிலுக்குள் அடக்கம் பெற்றதும் அங்கேதான்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தமையனாரும் அண்ணியாரும் தங்கள் வாழ்நாளில் முதன்முறையாக வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டபோது, சிங்கப்பூரின் வானளாவிய கட்டடங்களை விட்டு மலாக்காவைத் தேர்ந்தெடுத்தவர் அண்ணியார். பணமும் அவருடையது. பதினோரு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகை. தமையனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதற்கும் கணக்குப் பார்ப்பவர். "இந்தப் பணத்தில் வேளாங்கண்ணிக்குப் பத்துத் தடவை போய்வரலாமே" என்றார். "பத்துத் தடவைக்கு மேலேயே போயாச்சு" என்று பதில் வந்தது. அதற்குமேல் அவர் வாதாடவில்லை.

அண்ணியார் தம் கணவரிடம் சொல்லாத ஒன்றை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். தமையனாருக்குக் கண்ணில் நீரழுத்தம். ஓரப் பார்வை பெரிதும் போய்விட்டது. நேராக நோக்கினால் தெரியும், இருபுறமும் திரை விழுந்தாற்போல் இருக்கும். போன பார்வை திரும்பாது என்றும், சொட்டு மருந்து தவறாமல் விட்டால் மிஞ்சியதைக் காத்துக்கொள்ளலாம் என்றும் மருத்துவர் கூறிவிட்டார். "இருக்கிற பார்வைக்குள்ள எதையாவது காட்டிரணும் சாமி" என்றார் அண்ணியார். கோலாலம்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஒரு வாரத் தியானம் கொடுக்க அழைக்கப்பட்டிருந்த நான், அவர்களோடு ஒருநாள் முன்னதாகவே புறப்பட்டேன். கணவன் மனைவி உல்லாசமாகச் செல்லும் வழியில் குருவானவர் ஒருவர் மூன்றாம் ஆளாக எதற்கு என்று வாசகர்கள் நகைக்கலாம். அண்ணியாருக்கு விமானத்தில் செபமாலை சொல்ல ஒரு துணை வேண்டியிருந்தது.

திருச்சியில் நள்ளிரவில் ஏறி, நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கினோம். அந்நாட்டு நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. தமையனார் உடனே கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். அண்ணியார் மறுத்துவிட்டார். "சொட்டு மருந்துக்கு ஊர் நேரந்தான் கணக்கு. காலைல ஒம்பது, ராத்திரி ஒம்பது." ஆக, ஒரே குடும்பத்தில் இரண்டு நாடுகளின் நேரம் ஓடத் தொடங்கியது. விமான நிலையத்திலிருந்தே மலாக்காவுக்குப் பேருந்து உண்டு. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். வழிநெடுகச் செம்பனைத் தோட்டங்கள். நம் பனங்காட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை குட்டையாகவும் கொழுத்தும் தோன்றின. ஏதோ வேலை செய்யாத பனை என்று தமையனார் சொன்னார்.

விடுதியில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு நகரின் நடுச் சதுக்கத்துக்கு வந்தோம். நான்கு புறமும் செங்காவி நிறம். ஒல்லாந்தர் 1650-ஐ ஒட்டிக் கட்டிய ஆட்சி மாளிகை ஒருபுறம். அவர்களே 1753-ல் கட்டி முடித்த கிறிஸ்து கோவில் மறுபுறம். நடுவே 1886-ஆம் ஆண்டின் மணிக்கூண்டு. இக்கட்டடங்கள் முதலில் வெண்மையாக இருந்தனவென்றும், இப்போதுள்ள சிவப்பு 1911-ல் பூசப்பட்டதென்றும் அறிந்தபோது, பழமை என்று நாம் வியப்பதில் எவ்வளவு நேற்றைய சுண்ணாம்பு என்று எண்ணிக்கொண்டேன். பூச்சரங்களும் பொம்மைகளும் சூட்டிய மூன்று சக்கர மிதிவண்டிகள், காது செவிடுபடப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு பயணிகளை ஏற்றிச் சென்றன. அவற்றைக் கண்டு அண்ணியார் சிறு பிள்ளைபோல் மகிழ்ந்தார். எனக்கு அவை சற்றும் பிடிக்கவில்லை.

சதுக்கத்தின் பின்னால் ஒரு குன்று. அதன் உச்சியில் உள்ள கோவிலைக் காணத்தான் வந்திருந்தோம். படிகள் பலவாக இருந்தன. ஒரு சீராகவும் இல்லை. ஓரம் தெரியாத தமையனார் இரண்டாம் படியிலேயே தடுமாறினார். அண்ணியார் எதுவும் பேசாமல் அவருடைய கையைப் பற்றிக்கொண்டார்.

எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பூசைக்குச் செல்லும்போதுகூடக் கணவன் முன்னே நடப்பான். மனைவி நான்கடி பின்னால் வருவாள். கோவிலுக்குள் ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் இவ்விருவரும் தெருவில் கைகோத்து நடந்து நான் கண்டதில்லை. தமையனார் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டே படியேறினேன்.

போர்ச்சுக்கீசியர் 1511-ல் மலாக்காவைக் கைப்பற்றினர். பத்து ஆண்டுகள் கழித்து, துவார்த்தே கொயேலியோ என்னும் மாலுமித் தலைவர் இக்குன்றின்மேல் தேவமாதாவுக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினார். குன்றின் மாதா கோவில் என்று அது பெயர் பெற்றது. 1548-ல் அது இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. சப்பான் நாட்டு அஞ்சிரோ என்பவர் சவேரியாரைத் தேடிவந்து சந்தித்தது, 1547 டிசம்பரில், இக்கோவிலில்தான். 1641-ல் மலாக்கா ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் கோவிலின் பெயரைப் புனித பவுல் என மாற்றித் தங்கள் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டனர். கீழே புதுக்கோவில் முடிந்ததும் இதைப் பிரமுகர்களின் இடுகாடாக்கினர். பின்வந்த ஆங்கிலேயர் வெடிமருந்து அடுக்கினர். இன்று கூரை கிடையாது. நான்கு சுவர்கள் நிற்கின்றன, சுவரோரம் ஆளுயரக் கல்லறைக் கற்கள் சாத்தப்பட்டிருக்கின்றன, மேலே வானம்.

பீடம் இருந்த பக்கத்தில், தரையில் ஒரு குழி. கம்பிக் கூண்டிட்டு மூடியிருக்கிறார்கள். 1553 மார்ச்சில் சவேரியாரின் திருவுடலைக் கொணர்ந்து பெட்டியின்றி மண்ணில் கிடத்தியது இங்கே. ஆகஸ்டு மாதம் குழியைத் திறந்து பார்த்தபோது உடல் அழியாதிருக்கக் கண்டனர். ஆண்டு முடிவில் கோவா நோக்கிக் கப்பலேற்றினர். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் இதே ஊரின் போர்ச்சுக்கீசியத் தளபதி, வாஸ்கோ ட காமாவின் மகன், அவருடைய சீனப் பயணத்தைத் தடுத்து அவமதித்திருந்தான். உயிரோடிருந்தவரை மதியாத நகரம், உயிர்போனபின் திரண்டு வந்து வரவேற்றது. நம் ஊர்களிலும் நடப்பதுதான்.

குழிக்குள் சில்லறைக் காசுகள் மின்னின. வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல்போல் எறிகிறார்கள். புனிதர் படுத்த இடத்தில் காசை விட்டெறிவது எனக்கு ஒப்பவில்லை. அண்ணியார் எறியவில்லை. கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வெறுங்குழியா கெடக்கே" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒம்பது. இந்தாருங்க, உக்காருங்க."

அந்நாட்டுக் கணக்கில் பதினொன்றரை. தமையனார் ஒரு கல்லின்மேல் அமர்ந்து தலையை நிமிர்த்தினார். அண்ணியார் கைப்பையிலிருந்து சின்னஞ்சிறு குப்பியை எடுத்து, இமையை விரலால் விலக்கி, கண்ணுக்கொரு சொட்டாக விட்டார். படம் விற்கும் இளைஞன் ஒருவன் வேடிக்கை பார்த்தான். மருந்து விட்டதும் சற்றுநேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும். மூடியிருந்தவருக்கு அண்ணியார் மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார்: வலப்பக்கச் சுவரில் மூன்று சாளரங்கள், நடுச் சாளரத்தில் ஒரு செடி முளைத்திருக்கிறது, மேலே ஓடு இல்லை, பருந்து ஒன்று வட்டமிடுகிறது. தமையனார் தலையை அசைத்துக்கொண்டே கேட்டார். கண்ணைத் திறந்ததும் முதலில் அந்தச் செடியைத் தேடினார்.

கோவிலுக்கு வெளியே சவேரியாரின் வெண்சிலை கடலை நோக்கி நிற்கிறது. 1552-ன் நானூறாம் ஆண்டு நினைவாக 1952-ல் நிறுத்தப்பட்டது. அதற்கு வலக்கை கிடையாது; நிறுவிய சிறிது காலத்திலேயே மரமொன்று விழுந்து கையை முறித்துவிட்டதாம். புனிதரின் வலது முன்கையை 1614-ல் உரோமைக்கு எடுத்துச் சென்றார்கள் என்பதை அறிந்த இவ்வூரார், கைக்குப் புதுக்கை பொருத்தாமல் அப்படியே விட்டுவிட்டனர். குன்றின் மறுபக்கமாக இறங்கினால் பழைய கோட்டையின் வாயில் ஒன்று எஞ்சியிருக்கிறது. கோட்டை முழுவதையும் ஆங்கிலேயர் 1807-ஐ ஒட்டித் தகர்த்தனர். அவ்வாயிலின் முன் தமையனாரும் அண்ணியாரும் புகைப்படம் எடுத்துக்கொண்டனர். சமதரைக்கு வந்த பின்னும் கையை விடவில்லை என்பதை அப்படத்தில் காணலாம்.

நண்பகல் உணவையும் உறக்கத்தையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மணிக்கு மழை கொட்டியது. ஐந்துக்கு வெயில் அடித்தது. ஆற்றைக் கடந்து ஜோங்கர் தெருவுக்குப் போனோம். அங்கே செண்டோல் என்றொரு குளிர்ந்த பண்டம் வாங்கித் தந்தார்கள்: துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பச்சைநிற மாவுச் சேமியா, மேலே கரும்பழுப்புப் பாகு. அந்தப் பாகுக்கு 'மலாக்கா வெல்லம்' என்றே பெயர். தென்னம்பதநீரைக் காய்ச்சி எடுப்பது. அண்ணியார் நாவில் வைத்துச் சுவைத்து, நீதிபதியைப்போல் யோசித்துத் தீர்ப்பளித்தார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா உடன்குடிக் கருப்பட்டிக்குக் கிட்ட வராது." பிறகு இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த தெருவில், சற்றே இடைவெளிவிட்டு, 1748-ஆம் ஆண்டின் பள்ளிவாசலும், ஒல்லாந்தர் தந்த நிலத்தில் 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவிலும், பதினேழாம் நூற்றாண்டுச் சீனக் கோவிலும் உள்ளன. போர்ச்சுக்கீசியர் வருமுன்பே வணிகம் செய்ய வந்து, இம்மண்ணின் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழரின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள் எனப்படுகின்றனர். அவர்களுடைய வீட்டுமொழி இன்று மலாய். ஆனால் பொங்கலை விடவில்லை. மொழி போனாலும் திருநாள் நிற்கிறது என்பதை நம் மறையாசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

தமையனார் தெருப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். ஆசிரியர் அல்லவா! மலாய் மொழி உரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் அவருக்கு வாசிப்பு எளிதாயிற்று. 'கெடாய்' என்றால் கடை. 'கப்பால்' என்றால் கப்பல். மரச்சாமான் கடையில் 'காத்தில்' என்று எழுதியிருந்தது கட்டில். ஒவ்வொன்றும் நம்மிடமிருந்து போனவை. கோவிலைக் குறிக்கும் 'கெரெஜா'வும், ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் 'மிங்கு'வும் போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்றவை. ஒவ்வொரு சொல்லைக் கண்டுபிடிக்கும்போதும் அவர் மனைவியை நிறுத்திச் சொல்வார். அண்ணியார் திரும்பச் சொல்வார். ஓய்வுபெற்ற பின்னர் மூன்று ஆண்டுகளாக அவர் வீட்டில் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. பங்கில் இத்தகைய இணையர்கள் பலரை நான் அறிவேன். பிள்ளைகள் வெளியூர் போன பின், ஒரு வீட்டின் இரு வாடகைக்காரர்போல், உப்பு போதுமா, பால் வந்ததா என்பதற்குமேல் சொல்லின்றி இருப்பவர்கள். அன்று மாலை அத்தெருவில் என் தமையனார் ஓயாது பேசினார்.

புனித இராயப்பர் கோவில் 1710-ல் கட்டப்பட்டது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்கக் கோவில்களுள் மிகப் பழையது. ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது, குருக்கள் விரட்டப்பட்டனர், மக்கள் வீடுகளிலும் காட்டிலும் மறைந்து செபித்தனர். தடை தளர்ந்த பின் எழுந்தது இது. கோபுரத்தில் ஒரு மணி. 1608 என்னும் ஆண்டையுடையது, கோவாவிலிருந்து வந்தது. உள்ளே கண்ணாடிப் பேழையில் இறந்த ஆண்டவரின் திருச்சொரூபம் கிடத்தப்பட்டிருந்தது. பெரிய வெள்ளியன்று மெழுகுதிரிகளோடு பவனியாக எடுத்துச் செல்வார்களாம். எங்கள் கரையில் தூம்பா தூக்குவோமே, அதே வழக்கம், அதே போர்ச்சுக்கீசியரிடமிருந்து. அண்ணியார் முழந்தாளிட்டார், வெகுநேரம் எழவில்லை. என்ன வேண்டினார் என்று கேட்பது குருவானவரின் வேலையன்று.

இரவு உணவுக்குப் போர்ச்சுக்கீசியக் குடியிருப்புக்குச் சென்றோம். நகரிலிருந்து சிறிது தொலைவில், கடலோரம். 1930-களில், சிதறி வாழ்ந்த ஏழை மீனவக் குடும்பங்களை ஒன்றுசேர்க்க இரண்டு குருக்கள் முயன்று பெற்ற நிலம். அங்குள்ளோர் நிறத்தில் நம்மைப் போன்றவர்கள். பெயரில் டி சில்வா, பெர்னாண்டஸ், டி கோஸ்தா. கரையில் வலைகள் உலர்ந்தன. "நம்ம ஊருக்கே திரும்பி வந்துட்டமா?" என்றார் அண்ணியார். ஆனால் ஒன்று மாறியிருந்தது. எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். இங்கே, கடிகாரம் ஏழைத் தாண்டிய பின், கடலுக்குள் இறங்கியது. ஞாயிறு நீரில் அமிழ்வதைத் தமையனார் நேர்நோக்கில் முழுமையாகக் கண்டார். அதற்கு ஓரப் பார்வை தேவைப்படவில்லை.

உணவகத்தை நடத்தும் மூதாட்டி 'டெபல்' என்னும் கறியைப் பரிமாறினார். மிளகாயும் காடியும் சேர்ந்த உறைப்பு. கிறிஸ்துமசுக்கு மறுநாள் மிஞ்சிய இறைச்சியில் சமைப்பது அவர்கள் மரபு. அவருடைய தாய்மொழி கிறிஸ்தாங், பழைய போர்ச்சுக்கீசியமும் மலாயும் கலந்தது. அதைச் சரளமாகப் பேசுவோர் இன்று பெரும்பாலும் முதியோரே. அண்ணியாருக்கு அம்மொழியும் தெரியாது, ஆங்கிலமும் வராது. மூதாட்டி கடற்காற்றுக்காகச் சாளரத்தைத் திறந்தபடி மகளிடம் ஏதோ சொன்னார். அதில் 'ஜனேலா' என்ற சொல் விழுந்தது. அண்ணியார் நிமிர்ந்தார். சாளரத்தைக் காட்டி, "ஜன்னல்" என்றார். மூதாட்டி திகைத்து, மேசையைத் தட்டி, "மேசா" என்றார். "மேசை!" இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைத் தூக்கி, "சாபி" என்றார். "சாவி!" அப்புறம் இருவரும் அந்த உணவகத்தையே சுற்றிவந்தார்கள். எங்கள் கறி ஆறிப்போயிற்று. புறப்படும்போது மூதாட்டி, "மூத்து கிராந்தி மெர்செ" என்று நன்றி கூறி, அண்ணியாரின் இரு கன்னங்களிலும் முத்தமிட்டார். பணம் கொடுத்த தமையனாரை அவர் கண்டுகொள்ளவேயில்லை.

விடுதிக்குத் திரும்பும்போது மணி பத்து. மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் நான் கோலாலம்பூர் செல்ல வேண்டும். அவர்களுக்கு இன்னும் நான்கு நாட்கள் உண்டு. "நாளைக்கு ஆத்துல படகு" என்றார் தமையனார். "கட்டணம் எவ்வளவோ" என்றார் அண்ணியார். "இருக்கட்டும்" என்றார் தமையனார். அவர் வாயிலிருந்து அச்சொல்லை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

எனக்கு உறக்கம் வந்துவிட்டது. அவர்கள் அறைக்குள் செல்லவில்லை. இரவுச் சொட்டுக்கு ஊர் நேரம் ஒன்பதாக வேண்டும். அங்கே அது பதினொன்றரை. அதுவரை விழித்திருக்க வேண்டுமென்று வாசல் திண்ணையில் அருகருகே அமர்ந்திருந்தார்கள். மாடிச் சன்னலை நான் சாத்தும்போது, தமையனார் அன்று கற்ற சொற்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார். அண்ணியார் ஒன்றைத் திருத்தினார்.